வேட்டை உரிமம் தேடுவோருக்கு: ஆரணி வட்டார விவசாயிகளுக்கும் நெசவுக் குடும்பங்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆரணி, கண்ணமங்கலம், படவேடு, தேவிகாபுரம் பக்கங்களில் கழனி வைத்திருப்பவர்களே, தறி ஒரு பக்கம் மல்லாட்டைக் கொல்லை ஒரு பக்கம் என்று காலம் தள்ளும் நெசவுக் குடும்பத்தாரே,

தமிழ்நாட்டில் வேட்டை உரிமம் என்று ஒன்று கிடையாது. வனத்துறை அதைக் கொடுப்பதில்லை, மாவட்ட ஆட்சியர் கொடுப்பதில்லை, காவல்துறை கொடுப்பதில்லை. கட்டணம் கட்டினால் கிடைக்கும், ஆள் பிடித்தால் கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது பொய். அந்தப் பேச்சை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள எந்த விலங்கையும் எவரும் வேட்டையாடக் கூடாது என்று தடுக்கிறது. அதற்கு விலக்கு இரண்டுதான். 11ஆவது பிரிவு, தொல்லை தரும் விலங்கின் மேல் அதிகாரி எழுத்தில் இடும் ஆணை. 12ஆவது பிரிவு, கல்வி, ஆராய்ச்சி, பாம்பு விஷம் எடுத்தல் போன்ற தனிக் காரியங்களுக்கான அனுமதி. பொழுதுபோக்குக்கோ கறிக்கோ சுடுவதற்கு இந்த இரண்டிலும் இடமில்லை.

இருந்தும் இந்தக் கேள்வி உங்களிடையே திரும்பத் திரும்ப எழுவதற்குக் காரணம் உண்டு. மல்லாட்டைக் காய் முற்றிப் பிடுங்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் காட்டுப்பன்றி இறங்கும். கூட்டமாக வரும். மூக்கால் மண்ணைப் புரட்டிக்கொண்டே போகும். விடிந்து போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டியதுபோல் சால் சாலாக மண் கிளறியிருக்கும். செடி வேர் மேலாகப் புரண்டு கிடக்கும். மென்று துப்பிய தோல் வரப்பு ஓரமெல்லாம் இறைந்திருக்கும். விதைக்கும் களையெடுப்புக்கும் கடன் வாங்கியவர் அந்தக் காலையில் துப்பாக்கியைப் பற்றி நினைப்பதில் வியப்பில்லை. உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தோடு எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதை முழுதாகத் தெரிந்துகொள்வதற்கே இந்த மடல்.

ஒரு காலத்தில் உரிமம் இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்மை. சென்னை மாகாணம் காட்டு யானைகளைக் காக்க 1873இலேயே தனிச் சட்டம் போட்டது. நீலகிரிக்கு மட்டும் 1879இல் வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1912இல் நாடு முழுவதற்குமாகக் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தக் காலத்துச் சட்டங்கள் வேட்டையை ஒழிக்க வந்தவை அல்ல. எந்த மாதத்தில் சுடலாம், எந்த மாதத்தில் சுடக் கூடாது என்று வரையறுத்து, துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வேட்டை தீராமல் பார்த்துக்கொண்டவை. குடியானவனின் கொல்லையை மனதில் வைத்து எழுதப்பட்டவையும் அல்ல.

1972இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் முதலில் வேட்டையை முற்றாகத் தடுக்கவில்லை. சிறப்பு வேட்டை, பெரு விலங்கு வேட்டை, சிறு விலங்கு வேட்டை, விலங்கு பிடிப்பு என நான்கு வகை உரிமங்களை அது வைத்திருந்தது. உரிமம் வாங்கியவர் எதைக் கொன்றார், எதைப் பிடித்தார் என்று கணக்கு எழுதி ஒப்படைக்க வேண்டும். இந்த இடத்தில் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். உரிமம் இருந்த அந்த நாளிலேயே விஷம் வைப்பது, வெடி வைப்பது, இரவில் வெளிச்சம் அடித்துச் சுடுவது, தண்ணீர் குடிக்கும் இடத்தில் பதுங்கிச் சுடுவது, வண்டியில் துரத்திச் சுடுவது எல்லாம் தடுக்கப்பட்டிருந்தன. பிடிப்பு உரிமம் இல்லாதவர் சுருக்கு வைக்கவும் கூடாது. இன்றைக்கு ஊர் ஓரங்களில் நடக்கும் வேட்டையில் பெரும்பகுதி இந்த வகைகளில்தான் அடங்கும். அந்தக் காலத்து உரிமத்தைத் திரும்பக் கொடுத்தாலும் இவற்றுக்கு அதில் இடம் இருந்திருக்காது.

1991இல் சட்டம் திருத்தப்பட்டது. நான்கு வகை உரிமங்களும் ஒழிந்தன. வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து உரிமத் தாள் ஏதாவது கிடந்தால் அது பழைய நினைவுக்கு மட்டுமே உதவும். அதைப் புதுப்பிக்க அலுவலகம் இல்லை. புலி வேட்டை 1970இலேயே நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இருபத்தோரு ஆண்டில் நாடு எவ்வளவு தூரம் திரும்பியது என்பது விளங்கும். அந்தத் திருப்பம் சரியானதே. உரிமம் வாங்கியவர்கள் தாளில் எழுதிய கணக்கும் காட்டில் விழுந்த விலங்கின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அரசிடம் ஆள் இல்லாதபோது, காகிதத்தில் வரம்பு போடுவதால் காட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் காணொளிகளில் அமெரிக்காக்காரர் ஒருவர் உரிமத்தைக் காட்டி மான் சுடுகிறார். அங்கே அது சட்டப்படி சரி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வனவிலங்குத் துறை உண்டு. அதுதான் உரிமம் விற்கிறது. பல மாநிலங்களில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் இல்லாமல் உரிமம் தரமாட்டார்கள். எந்த விலங்கு, எந்தப் பருவம், எத்தனை என்பது முன்பே அறிவிக்கப்படும். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி, 1937இல் வந்த ஒரு சட்டத்தின்படி, மாநில வனவிலங்குத் துறைகளுக்கே திரும்பிப் போகிறது. கண்காணிக்க ஆள், கணக்கெடுக்க ஆள், செலவுக்கு நிலையான பணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அங்கே அந்த ஏற்பாடு நிற்கிறது. அங்கே வேலைக்குப் போயிருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த மாநிலச் சட்டப்படி உரிமம் வாங்கினால் அது அந்த மாநில எல்லைக்குள் மட்டும் செல்லும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

அடுத்தது, சட்டம் எதையெல்லாம் வேட்டை என்று எடுத்துக்கொள்கிறது என்பது. துப்பாக்கியால் சுட்டுக் கொல்வது மட்டும் என்று நினைப்பவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, இரை போட்டு இழுப்பது, துரத்தி ஒதுக்குவது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வேட்டை. இவற்றுக்கு முயற்சி செய்தாலே போதும். விலங்கு தப்பித்துப் போனாலும் குற்றம் குற்றம்தான். பறவை முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பதும் இதில் சேரும். ஆகவே பன்றி விழாத சுருக்குக்கும் வழக்கு உண்டு. கிளிக்குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்து வந்து கூண்டில் வளர்ப்பதற்கும் வழக்கு உண்டு.

தறி வேலை இல்லாத நாளில் ஏரிக்கரைக்கு ஏர்கன்னோடு போகும் இளைஞர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். கடைக்காரர் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் உரிமம் வேண்டாம் என்பது அந்தக் கருவியைக் கையில் வைத்திருப்பதற்கு. அதனால் கொக்கையும் நாரையையும் சுடுவதற்கு எந்த விலக்கும் கிடையாது. கவணில் அடித்தாலும், வலை விரித்தாலும், ஏர்கன்னால் சுட்டாலும் 9ஆவது பிரிவு ஒன்றுதான். சுட்ட பறவையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் பகிர்பவர் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே எழுதிக் கொடுக்கிறார்.

பொங்கல் நாளில் முயல் வேட்டைக்குக் கூட்டமாகப் போவது வழிவழியாக வந்த வழக்கம் என்பார்கள். முயலும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வழக்கம் என்ற காரணத்துக்குச் சட்டத்தில் தனி இடம் இல்லை. உடும்பு, எறும்புத்தின்னி, மயில் ஆகியவை முதல் அட்டவணையில் இருப்பவை. பொதுவாக வேட்டைக் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். முதல் அட்டவணை விலங்காக இருந்தால் சிறை 3 ஆண்டுக்குக் குறையாது, 7 ஆண்டு வரை போகும். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வண்டியும் கருவியும் பறிமுதலாகும். கறியைப் பங்குபோட்டு வாங்கியவரும் தப்ப முடியாது. சீருடைப் பணிக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போகக் காத்திருக்கும் பையனுக்கு இந்த வழக்கு ஒன்று போதும், வந்த வாய்ப்பெல்லாம் நின்றுபோகும்.

துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு. இந்தக் குழப்பம் உங்களிடையே மிகப் பரவலாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து அடைக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க விவசாயிக்கு வழி வைத்திருக்கிறது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம் போக வேண்டும். காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தரும். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு இல்லாமல் புதிதாக உரிமம் தர முடியாது. இவ்வளவும் தாண்டிக் கையில் உரிமம் வந்தாலும் அது துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமம்தான். சத்தம் எழுப்பி விரட்டலாம். பன்றியின் மேல் சுட அது இசைவு தரவில்லை. உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கியின் கதை இன்னும் மோசம். 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டுமே குறைந்தது 2 ஆண்டுச் சிறை. மலையிலும் அடிவாரத்திலும் பரணில் செருகி வைத்திருக்கும் குழல்கள் ஒன்றும் பயிரைக் காக்கவில்லை. வைத்திருப்பவரின் குடும்பத்தைத்தான் ஆபத்தில் நிறுத்துகின்றன.

மலைவாழ் மக்களுக்கு விலக்கு உண்டு என்ற பேச்சும் சரியல்ல. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு நிலத்தின் மேலும் தேன், புளி, கடுக்காய் போன்ற சிறு வனப் பொருட்களின் மேலும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. வேட்டையாடும் மரபுரிமையை அதே சட்டம் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. நரிக்குறவர் சமூகத்துக்கு வேட்டைத் தடையால் பிழைப்பே போனது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. ஒரு தொழிலைத் தடுத்துவிட்டு மாற்றுக்கு அரை நூற்றாண்டு காக்க வைத்தது அரசின் பெரிய குறை. அதைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நேர்மையாகாது.

மாற்று வழி திறந்த ஒரு இடமும் தமிழ்நாட்டில் உண்டு. இருளர் ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972இன் சட்டமும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வருமானத்தை அறுத்தன. 1978இல் செங்கல்பட்டுப் பக்கம் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷமெடுத்து, திரும்ப விடுகிறார்கள். பாம்புக் கடிக்கான முறிமருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. எந்தப் பாம்பு, எத்தனை என்று வனத்துறை எழுத்தில் அனுமதி தருகிறது. பிடித்த பாம்பின் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி விடுவார்கள்; அதே பாம்பு மறுபடி கையில் சிக்கினால் தெரிந்துவிடும். இந்த மாநிலத்தில் காட்டு உயிரைப் பிடிக்கக் கிடைக்கும் அனுமதி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இதைத்தான் பார்க்க வேண்டும்: இனம் குறித்தது, எண்ணிக்கை குறித்தது, ஒரு பொது நன்மைக்காக மட்டும் கொடுக்கப்படுவது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது இந்தக் கலைக்காகவே.

இனி உங்கள் பயிருக்கு நேராக வரலாம். 11ஆவது பிரிவு சொல்வது இது: இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ உறுதியாக நம்பினால், காரணத்தை எழுதி, அதை வேட்டையாட ஆணையிடலாம். ஓட்டுநர் உரிமம் ஆளின் பெயரில் வருவது. எந்தச் சாலைக்கும் அது செல்லும். இந்த ஆணை அப்படியல்ல. எந்த விலங்கு, எந்த இடம் என்று குறித்து வருவது, வேலை முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும். கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்து. கறியில் யாருக்கும் பங்கில்லை. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்றும் இதே பிரிவு காக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, ஏற்கெனவே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்குக் கிடையாது. சுருக்கு வைக்கப் போன இடத்தில் பன்றி பாய்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

மயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லையும் மல்லாட்டையையும் மயில் கொத்துவது உண்மைதான். அது முதல் அட்டவணையில் இருப்பதால், பயிர்ச் சேதத்தைக் காரணம் காட்டி அதன் மேல் ஆணை வாங்கவே முடியாது. முதல் அட்டவணை விலங்குக்கு, மனித உயிருக்கு ஆபத்து என்றாலோ மீள முடியாத ஊனம், நோய் என்றாலோதான் ஆணை உண்டு. குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வரப்பில் தூவுபவர் 3 ஆண்டுக்குக் குறையாத சிறைக்கு வழி தேடிக்கொள்கிறார். மயிலுக்கு வலை கட்டலாம், காவல் இருக்கலாம், இழப்பீடு கேட்கலாம். வேறு வழி இன்றைய சட்டத்தில் இல்லை.

காட்டுப்பன்றிக்கு வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறை ஆள். விவசாயியின் கையில் துப்பாக்கி வராது. கேரளத்தில் 2022இல், பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தார்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியலிட்டு அழைத்தார்கள். பீகாரிலும் உத்தரகாண்டிலும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஒன்றிய அரசு 62ஆவது பிரிவின்கீழ் காட்டுப்பன்றியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிர் என்று அறிவித்தது. மாநிலத்துக்கு மாநிலம் வழி வேறுபடுவதால்தான் அங்கே சுடுகிறார்களே என்ற பேச்சு எழுகிறது. அந்த மாநில ஆணை இங்கே செல்லாது.

தமிழ்நாட்டு நடைமுறையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில் கழனி வைத்திருப்பவருக்குத்தான் சேதம் அதிகம். அவருக்கு இந்த ஏற்பாட்டில் ஒன்றுமே இல்லை. அடுத்த இரண்டு கிலோமீட்டரில் பிடித்த பன்றியைப் பக்கத்துக் காட்டில் விட்டால் அது மறுபடி அதே கொல்லைக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அடிவாரத்து விவசாயி அரசின் முன் வைக்க வேண்டிய வழக்கு இதுதான். வேட்டை உரிமம் கேட்டுப் போவதைவிட இதைக் கேட்டுப் போவதில் ஆயிரம் மடங்கு நியாயம் இருக்கிறது. காட்டைக் காப்பது நாட்டின் கடமை என்றால் அதன் செலவை மூன்று ஏக்கர் மல்லாட்டை வைத்திருப்பவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது.

ஆணைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் தேடும் குறுக்கு வழிகள் இரண்டு. ஒன்று அவுட்டுக்காய். வெடிமருந்தைச் சுருட்டி இரையோடு கட்டிப் போட்டுவிடுகிறார்கள். பன்றி கடிக்கும் முன் மேயப் போன பசு கடிக்கும். தாடை பிளந்த மாடு தண்ணீரும் குடிக்க முடியாமல் நாள்கணக்கில் நிற்கும். எந்த மருத்துவராலும் அதை மீட்க முடியாது. குழந்தை கையில் எடுத்தால் என்னவாகும் என்பதை எழுத வேண்டியதில்லை. இன்னொன்று, பம்புசெட் இணைப்பிலிருந்து கம்பியில் நேராக மின்சாரம் விடுவது. இரவில் தண்ணீர் கட்டப் போன பக்கத்துக் கழனிக்காரரும், சில சமயம் கம்பி கட்டியவரின் வீட்டாருமே அதில் செத்திருக்கிறார்கள். அப்போது வருவது வனத்துறை வழக்கு மட்டுமல்ல. மனித உயிரிழப்புக்கான வழக்கும் மின்திருட்டு வழக்கும் சேர்ந்து வரும். சூரிய மின்வேலி வேறு வகை. அது விட்டுவிட்டு அடிக்கும் அதிர்ச்சியால் விலங்கை விரட்டும், கொல்லாது. 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குப் பதிவும் ஒழுங்குமுறையும் விதித்து விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய இடங்களில் போடுவதற்கு முன் மாவட்ட வன அலுவலரிடம் அனுமதி கேளுங்கள்.

ஆணையும் இழப்பீடும் கேட்டு வனத்துறைக்கு மனு எழுதுவதில் கவனம் வேண்டும். பன்றித் தொல்லை தாங்கவில்லை என்று ஒற்றை வரியில் எழுதிய மனு கோப்பில் தூங்கிவிடும். சர்வே எண், பட்டா எண், பரப்பு, பயிர், விதைத்த நாள், சேதம் நடந்த நாள் எல்லாம் இருக்க வேண்டும். சேதம் நடந்த அன்றே, கலைக்காமல், கால் தடம் தெரியும்படி படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பதிவை வாங்குங்கள். அதில் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கலில் பயிர் இல்லை என்ற ஒரே காரணத்தால் இழப்பீட்டு மனு நின்றுவிடக் கூடும். குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் இதில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். பட்டா வேறொருவர் பெயரில் இருப்பதால் அந்த நில உரிமையாளரின் ஒப்புதலையும் சேர்த்து வைக்க வேண்டும். மனுவை வனச்சரக அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் அந்த நகலை வைத்துக் கேளுங்கள். பதில் வராவிட்டால், மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

உங்கள் நிலம் அந்த 1, 3 கிலோமீட்டர் எல்லைகளில் எதற்குள் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தூரம் அளக்கப்படுவது கண்ணுக்குத் தெரியும் மலையிலிருந்து அல்ல, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து. ஆரணியைச் சுற்றிச் சமவெளியில் நிற்கும் சிறு குன்றுகளில் எது காப்புக்காடு, எது வருவாய்ப் புறம்போக்கு என்பது பார்த்தால் தெரியாது. ஒரே ஊரில் ஒருவர் நிலம் 3 கிலோமீட்டருக்கு உள்ளும் அடுத்தவர் நிலம் வெளியிலும் இருக்கலாம். தெரியாமல் மனு கொடுத்தால், உங்களுக்கு இது பொருந்தாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த மடல் உங்களிடம் கேட்பது இதுதான். கொல்லை ஓரத்தில் வைத்திருக்கும் சுருக்கை, பைக் பிரேக் கம்பியில் கட்டியதானாலும் சரி, இன்றே அவிழ்த்து எடுங்கள். மின்கம்பி இழுத்திருந்தால் இன்று இரவு வருவதற்குள் அறுத்துவிடுங்கள். பக்கத்துக் கழனிக்காரரிடமும் சொல்லுங்கள். உரிமமில்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தால் ஊர்ப் பெரியவர்களையும் ஒரு வழக்கறிஞரையும் கலந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஏர்கன் வைத்திருக்கும் மகனிடம், தம்பியிடம், ஏரிக்கரைக்கு அதை எடுத்துப் போகக் கூடாது என்று நீங்களே சொல்லுங்கள். வன ஊழியர் வந்து சொல்லும்வரை விடாதீர்கள்.

பிறகு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தறிக்காரர், கழனிக்காரர் என்ற வேறுபாடு பார்க்காமல் ஒன்றாகப் போங்கள். தறியை நிறுத்திவிட்டு வருபவருக்கு அன்றைய கூலி போகும் என்பது தெரிந்ததே, ஆனாலும் எண்ணிக்கை குறைந்தால் தீர்மானத்துக்குப் பலம் இராது. மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுத வையுங்கள். ஊரின் எந்தெந்த சர்வே எண்கள் எந்த எல்லைக்குள் வருகின்றன என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் வனத்துறை ஒட்ட வேண்டும். பயிர்ச் சேத மனுவுக்கு இத்தனை நாளுக்குள் வந்து பார்ப்போம் என்று எழுத்தில் கெடு சொல்ல வேண்டும். காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில் இருக்கும் கழனிகளுக்கு, சுட அனுமதி இல்லாத காரணத்தாலேயே, சூரிய வேலிக்கான உதவியும் இழப்பீடும் முதலில் வர வேண்டும். தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்ட வன அலுவலருக்கும், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, கிடைக்கும் மூன்று ஒப்புகைகளையும் ஊராட்சிக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள்.